துணைக்கால்

விருதம்பட்டில் ஜெராக்ஸ் கடைக்கு மேல்
தகர ஷீட் போட்ட ஓர் அறை.
மூன்று பேர், மூன்று கணினி.

கிருபாவதியுடையது விண்டோஸ்,
தவணை இன்னும் ஏழு பாக்கி.
நூருல்லாவுடையது மேக்.
ரியாத்திலிருந்து அண்ணன் கொடுத்தனுப்பியது.
பேரணாம்பட்டு பஸ்ஸில்
அதை மடியைவிட்டு இறக்காமல் வருவான்.
என்னுடையது பழசு,
புது விண்டோஸ் ஏற மறுத்ததால் லினக்ஸ்.
வெளியில் கேட்டால் கொள்கை என்பேன்.

நடுவில் மேசைமேல்
கட்டைவிரல் நகத்தளவு மைக்ரோகன்ட்ரோலர்.
அதற்கு இந்த வீட்டுச் சண்டை எதுவும் தெரியாது.
ஒரு ஹெக்ஸ் கோப்பு, மூன்று புள்ளி மூன்று வோல்ட்,
அவ்வளவுதான் கேட்கிறது.

பாலாற்று மணலில்
பேரூராட்சி இறக்கிய கிணறுகள் நாற்பது.
தண்ணீர் எத்தனை அடியில் என்று
கத்திரி தொடங்கும் முன்
ஒவ்வொன்றும் வாய்திறந்து சொல்ல வேண்டும்.

முதலில், சில்லு செய்த கம்பெனியின் மென்பொருள்.
நான்கு ஜிபி. இலவசம்தான்,
ஆனால் விண்டோஸுக்கு மட்டும்.
ஓடுகிற புரோகிராமை நடுவழியில் நிறுத்தி
வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று
கிருபாவதி பார்ப்பாள். பொறாமையாக இருக்கும்.
நாங்கள் இருவரும் அவள் தோளுக்குப் பின்னால்
ரேஷன் வரிசையில் போல நிற்போம்.

அடுத்து, மூன்றிலும் ஓடும் என்று சொன்ன ஒன்று.
ஓடியது என்று சொல்ல மாட்டேன், நடந்தது.
அவர்கள் இருவரிடமும் கம்பைல் ஆனது,
என்னிடம் முரண்டு.
கோப்பின் பெயரில் பெரிய எம்,
கூப்பிட்ட இடத்தில் சின்ன எம்.
விண்டோஸும் மேக்கும் கண்டும் காணாமல் விட்டன.
அப்படி ஒருவர் இங்கே இல்லை
என்றது லினக்ஸ்.
குறில் நெடில் பார்க்கத் தெரியும் எனக்கு.
எழுத்தில் பெரியவர் சின்னவர் பார்த்து வளரவில்லை.
அந்த எம்மைக் கண்டுபிடிப்பதற்குள்
காட்பாடியில் மூன்று ரயில் போயிருந்தது.

"கறுப்புத் திரையில கட்டளை அடிப்போம், போதும்"
என்றான் நூருல்லா.
"ராத்திரி பதினோரு மணிக்கு
எனக்கு பட்டன்தான் வேணும்"
என்றாள் கிருபாவதி.
இரண்டும் நியாயம்.
கரண்ட் போனது.
மூன்று திரை வெளிச்சத்தில் மூன்று முகம்
ஒன்றையொன்று பார்க்காமல் இருந்தன.

அதற்கு மறுநாள்தான் இது நடந்தது.
வேலை ஃபோல்டருக்கு நான் தமிழிலேயே
பாலாறு என்று பெயர் வைத்திருந்தேன்.
பென் டிரைவில் போட்டு கிருபாவதியிடம் கொடுத்தேன்.
கம்பெனி மென்பொருள்
கோப்பு கிடைக்கவில்லை என்றது.
பெயர் இருக்க வேண்டிய இடத்தில்
??????
எண்ணினேன்.
ஆறு.

கிருபாவதி சிரித்துவிட்டாள்.
"சரியாத்தான் காட்டுது.
பாலத்து மேல நின்னு பார்த்தா
எனக்கும் இப்படித்தான் தெரியும்."

நடந்துவந்த அந்த மற்றொன்றில் திறந்தோம்.
தாமதமாகத்தான் திறந்தது.
பாலாறு என்றே இருந்தது,
துணைக்கால் இரண்டையும் ஊன்றிக்கொண்டு.

அதற்காகவா தேர்ந்தெடுத்தோம்?
பேரூராட்சிக்கு எழுதிய குறிப்பில்
விலை, உரிமம், மூன்றிலும் ஒரே கம்பைலர்
என்று போட்டிருக்கிறோம்.
எல்லாம் உண்மைதான்.

கடைசியாக மூன்று ஹெக்ஸ் கோப்புகளையும்
பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.
சில பைட்டுகள் மட்டும் ஒத்துவரவில்லை.
ஒவ்வொரு கணினியும்
தன் வீட்டு விலாசத்தை
உள்ளே எழுதி வைத்திருந்தது.
நூருல்லா ஒரு வரி சேர்த்து அழித்தான்.
பிறகு எது யாருடையது என்று
எங்களுக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை முதல் கிணறு.
மணல் செருப்புக்குள் சுட்டது.
பத்தொன்பது அடி நான்கு அங்குலம் என்றது சில்லு.
நூருல்லா கயிறு விட்டான்.
பத்தொன்பது அடி இரண்டு அங்குலம்.

அந்த இரண்டு அங்குலம்
யாருடைய கணினியிலிருந்து வந்தது என்று
அங்கேயே, வெயிலிலேயே
மறுபடி ஆரம்பித்தோம்.